ஒற்றை ஆள், ஒரே பாய், ஒரு பெருங்கடல்: ‘ஜெஸ்டர்’ படகின் கதை

1960ஆம் ஆண்டு ஜூன் 11. இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்திலிருந்து ஒரு பந்தயம் தொடங்கியது. போய்ச் சேர வேண்டிய இடம் நியூயார்க். இடையில் அட்லாண்டிக் பெருங்கடல். நேர்கோட்டில் அளந்தாலும் சுமார் 3,000 கடல்மைல், அதாவது ஏறக்குறைய 5,500 கிலோமீட்டர். ஒரு படகுக்கு ஓர் ஆள்தான். அதற்கு முன் பெருங்கடலைத் தனியாகக் கடந்தவர்கள் உண்டு. ஆனால், இது ஒரு பந்தயம். இது விபரீத விளையாட்டு என்று பலர் எச்சரித்தார்கள்.

பங்கேற்றவர்கள் ஐவர். அவர்களுள் ஒருவருடைய படகு பார்ப்பதற்கே வேடிக்கையாக இருந்தது. மற்ற படகுகளில் பாய்மரத்தைச் சுற்றிக் கம்பிகள் இறுக்கிக் கட்டப்பட்டிருக்க, இதில் ஒரு கம்பிகூட இல்லை. ஒரே மரம், ஒரே பாய். அந்தப் பாயும் ஐரோப்பியப் பாய் அன்று. சீனக் கப்பல்களில் நாம் காணும் விசிறி போன்ற பாய். உட்கார்ந்து சுக்கான் பிடிப்பதற்கான திறந்த பள்ளமும் இல்லை. மூடிய தளத்தின் நடுவே வட்டமான ஒரு திறப்பு மட்டும் இருந்தது. படகின் பெயர் ‘ஜெஸ்டர்’. அரசவைக் கோமாளி என்று பொருள்.

அந்தக் கோமாளி 48 நாள்களில் நியூயார்க்கை அடைந்து இரண்டாவது இடத்தைப் பிடித்தது. 7.68 மீட்டர் நீளமே உள்ள ஒரு மரப்படகு இதை எப்படிச் சாதித்தது? மாணவர்களே, இந்தக் கேள்விக்கான விடை இயற்பியலிலும் இருக்கிறது. வடிவமைப்பு வரலாற்றிலும் இருக்கிறது. இரண்டையும் பார்ப்போம்.

யாரும் வெல்லாத போட்டி

ஜெஸ்டரின் உடல் அமைப்பு சுவீடனில் பிறந்தது. 1940களின் தொடக்கத்தில் ஸ்காண்டிநேவிய நாடுகளின் பாய்மரப் படகுச் சங்கம் ஒரு வடிவமைப்புப் போட்டியை அறிவித்தது. பாய்மரப் படகு அப்போது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்காக இருந்தது. சாதாரணக் குடும்பமும் வாங்கக்கூடிய விலையில், எளிதாகக் கட்டக்கூடிய, கடலில் நம்பிக்கையோடு செல்லக்கூடிய ஒரு சிறிய படகு வேண்டும் என்பதே நிபந்தனை.

போட்டிக்கு 58 வரைபடங்கள் வந்தன. நடுவர்கள் எல்லாவற்றையும் அலசினார்கள். முதல் பரிசுக்கு ஒன்றுகூட முழுமையாகத் தேறவில்லை. ஆயினும் சில வரைபடங்களில் சிறந்த கூறுகள் இருந்தன. நடுவர்கள் அந்தக் கூறுகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றை ஒன்றிணைத்து ஒரே வரைபடமாக்கித் தரும்படி தோர்ட் சுண்டேன் என்ற சுவீடன் நாட்டு வடிவமைப்பாளரிடம் ஒப்படைத்தார்கள். 1942ஆம் ஆண்டு ஏப்ரலில் கோத்தன்பர்க் நகரில் முதல் படகு நீரில் இறக்கப்பட்டது. அதற்கு இட்ட பெயர் ‘ஃபோக்போட்’, மக்கள் படகு.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இந்தப் படகு டென்மார்க், ஜெர்மனி, இங்கிலாந்து எனப் பரவியது. இன்றுவரை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஃபோக்போட்டுகள் கட்டப்பட்டுள்ளன. ஒருவரும் முதல் பரிசு பெறாத போட்டியிலிருந்து இவ்வளவு வெற்றிகரமான படகு பிறந்திருக்கிறது! பள்ளியில் குழுவாகச் செயல்திட்டம் செய்யும்போது, ‘யாருடைய வரைபடம் வென்றது?’ என்று வாதிடுவதைவிட ‘எந்தப் படத்தில் எது நன்றாக இருக்கிறது?’ என்று கேட்பது எவ்வளவு பயன் தரும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பாதிக்கு மேல் இரும்பு

இப்போது எண்களைப் பார்ப்போம். ஃபோக்போட்டின் நீளம் 7.68 மீட்டர், அகலம் 2.20 மீட்டர், நீருக்குள் இருக்கும் ஆழம் 1.20 மீட்டர், மொத்த எடை சுமார் 1,930 கிலோகிராம். மனக்கண்ணில் காண வேண்டுமா? இரண்டு மைவி கார்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துங்கள். நீளமும் ஏறத்தாழ அவ்வளவுதான், எடையும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

ஆர்க்கிமிடிஸ் தத்துவப்படி, மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை இடம்பெயரச் செய்யும். கடல்நீரின் அடர்த்தி ஒரு கனமீட்டருக்குச் சுமார் 1,025 கிலோகிராம். ஆகவே, 1,930ஐ 1,025ஆல் வகுத்தால், இந்தப் படகு சுமார் 1.9 கனமீட்டர் நீரை ஒதுக்கிக்கொண்டு மிதக்கிறது என்று தெரியும்.

வியப்பான எண் இனிமேல்தான் வருகிறது. அந்த 1,930 கிலோகிராமில் ஏறத்தாழ 1,000 கிலோகிராம் வெறும் இரும்பு! படகின் அடிக்கட்டையில், நீருக்குள் மிகத் தாழ்வான இடத்தில், அது பொருத்தப்பட்டுள்ளது. அதாவது, படகின் எடையில் பாதிக்கும் மேல் சுமார் 52 விழுக்காடு அடிபாரம்தான். மிதக்க வேண்டிய படகுக்கு ஏன் இவ்வளவு இரும்பு?

காற்று பக்கவாட்டிலிருந்து வீசும்போது பாயைத் தள்ளுகிறது, படகு சாய்கிறது. அந்தச் சாய்வை எதிர்க்க வேறொரு திருப்புவிசை தேவை. படகின் எடை முழுவதும் ஈர்ப்பு மையம் வழியாகக் கீழ்நோக்கிச் செயல்படுகிறது. நீரின் மிதப்பு விசையோ, படகின் நீருக்குள் மூழ்கிய பகுதியின் மையம் வழியாக மேல்நோக்கிச் செயல்படுகிறது. படகு நேராக நிற்கும்போது இவ்விரண்டும் ஒரே கோட்டில் இருக்கும். படகு சாய்ந்ததும், சாய்ந்த பக்கத்தில் அதிகப் பகுதி நீரில் மூழ்குவதால் மிதப்பு மையம் அந்தப் பக்கமாக நகர்கிறது. இப்போது இரு விசைகளுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டாகிறது. மேல்நோக்கிய விசையும் கீழ்நோக்கிய விசையும் சேர்ந்து படகை மீண்டும் நிமிர்த்துகின்றன.

ஈர்ப்பு மையம் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ, அவ்வளவு வலுவாக இந்த நிமிர்த்தும் விசை வேலை செய்யும். தலையாட்டிப் பொம்மையை எத்தனை முறை தள்ளிவிட்டாலும் அது எழுந்து நிற்பதும் இதே காரணத்தால்தான்.

அடிக்கட்டைக்கு இன்னொரு வேலையும் உண்டு. பக்கக் காற்று படகைச் சாய்ப்பதோடு நிற்காது. பக்கவாட்டில் நகர்த்தவும் பார்க்கும். ஆழமான அடிக்கட்டை ஒரு சுவர் போல நீரைத் தடுத்து அந்த நகர்வைக் குறைக்கிறது. பக்கவாட்டில் போக முடியாத படகு, முன்னோக்கிச் செல்கிறது.

போர்வீரரின் கேள்வி

ஜெஸ்டரின் சொந்தக்காரர் ஹெர்பர்ட் ஹாஸ்லர். பிரிட்டிஷ் கடற்படைக் காலாட்பிரிவின் அதிகாரி. 1942 டிசம்பரில், எதிரிகளின் வசமிருந்த பிரான்சின் போர்தோ துறைமுகத்துக்குள் சிறு துடுப்புப் படகுகளில் இரவோடு இரவாக நுழைந்து, கப்பல்களில் வெடிகளைப் பொருத்திய குழுவின் தலைவர் அவரே. புறப்பட்ட பத்துப் பேரில் உயிரோடு திரும்பியவர்கள் இருவர் மட்டும். அவர்களில் ஒருவர் ஹாஸ்லர்.

போருக்குப் பின் அவர் தம் கவனத்தைப் பாய்மரப் படகின் பக்கம் திருப்பினார். தனியாகக் கடலில் செல்பவர் எதனால் உயிரிழக்கிறார்? பெரும்பாலும் இப்படித்தான்: புயல் வருகிறது. பாயைச் சுருக்க வேண்டும். அதற்கு அவர் ஆடும் படகின் முன்தளத்துக்குப் போக வேண்டும். தளம் வழுக்குகிறது, அலை மேலே ஏறி அடிக்கிறது. ஒரு கை கயிற்றைப் பிடிக்க, ஒரு கையால்தான் வேலை. தவறி விழுந்தால், தூக்கிவிட யாருமில்லை. ஆளில்லாத படகு தன் போக்கில் போய்க்கொண்டே இருக்கும்.

இதற்கு வழக்கமான பதில், ‘இன்னும் கவனமாக இரு’ என்பது. ஹாஸ்லர் வேறு விதமாகக் கேட்டார்: ‘முன்தளத்துக்குப் போகவே தேவையில்லாத படகைச் செய்ய முடியாதா?’

1953இல் அவருக்காக ஜெஸ்டர் கட்டப்பட்டது. அளவும் வடிவமும் ஃபோக்போட்டினுடையவை. ஆனால், மாற்றங்களும் இருந்தன. வழக்கமான மர ஃபோக்போட்டில் பக்கப் பலகைகள் வீட்டுக் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். வைக்கிங் மக்கள் காலத்திலிருந்து வடக்கு ஐரோப்பாவில் வழங்கிவரும் முறை அது. ஜெஸ்டரிலோ பலகைகள் விளிம்போடு விளிம்பாகப் பொருத்தப்பட்டு வெளிப்புறம் வழவழப்பாக இருந்தது. தளம் முழுதும் மூடப்பட்டது. நடுவிலிருந்த வட்டத் திறப்பில் இடுப்பளவு நின்றபடியே எல்லாக் கயிறுகளையும் இயக்கலாம்.

பாய் மட்டும் உடனே சரியாக அமையவில்லை. முதலில் பொருத்திய சோதனைப் பாய் ஹாஸ்லருக்கு மனநிறைவு தரவில்லை. விடை, ஐரோப்பாவுக்கு வெகு தொலைவில், நம் கடல் பகுதியில் பல நூற்றாண்டுகளாக இருந்துவந்தது.

சீனப் பாயின் அறிவியல்

சீனப் பாயில் குறுக்கே பல கழிகள் வைத்துத் தைக்கப்பட்டிருக்கும். அவை பாயைப் பல பட்டைகளாகப் பிரிக்கின்றன. பாயை ஏற்றும் கயிற்றைத் தளர்த்தினால், கழிகளின் எடையாலேயே பாய் கீழிறங்கும். கீழ்ப்பட்டைகள் ஜன்னல் திரை மடிவது போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுங்கிக்கொள்ளும். காற்று பலமா? ஒரு பட்டையை இறக்கு. இன்னும் பலமா? இன்னொன்றை இறக்கு. யாரும் முன்தளத்துக்குப் போக வேண்டியதில்லை. திறப்பில் நின்று கயிற்றை விட்டால் போதும்.

இதில் வேறு நன்மைகளும் உண்டு. ஒவ்வொரு கழியும் தன் பட்டையின் சுமையைத் தாங்குவதால் பாய்த்துணியில் இழுவிசை குறைவு. எங்காவது கிழிந்தாலும் பெரும்பாலும் கிழிசல் அந்தப் பட்டையோடு நின்றுவிடும். பாயின் ஒரு சிறு பகுதி மரத்துக்கு முன்புறம் நீண்டிருக்கும். காற்று அந்தப் பகுதியையும் தள்ளுவதால், கதவின் கீலுக்கு இருபுறமும் தள்ளியது போல ஓரளவு சமநிலை உண்டாகிறது. பாய் மறுபக்கம் திரும்பும்போது மூர்க்கமாக வீசி அடிப்பதில்லை.

மலேசிய மாணவர்களுக்கு இந்தப் பாய் அந்நியமானதன்று. திரெங்கானு ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கும் பூலாவ் டூயோங் தீவின் தச்சர்கள் செங்கால் மரத்தில் கட்டிய பெடார், பினாஸ் எனும் பெரிய சரக்குப் படகுகள் இதே வகைப் பாயை விரித்தே தென்சீனக் கடலில் ஓடின. அந்தத் தச்சர்கள் காகிதத்தில் வரைபடம் வரைவதில்லை. அளவெல்லாம் கண்ணிலும் கையிலும் இருந்தது. ஹாஸ்லரோ பாயின் ஒவ்வொரு கயிற்றையும் அளந்து, மாற்றி, மீண்டும் சோதித்துக் குறிப்பெழுதினார். பல ஆண்டு ஆய்வுக்குப் பின் ஜாக் மெக்லியோட் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய சீனப் பாய் பற்றிய கையேடு 1988இல் வெளிவந்தது. அதைப் பார்க்க ஹாஸ்லர் உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

இந்தப் பாயிலும் குறை உண்டு. காற்று வரும் திசையை நெருங்கிச் செல்வதில் ஐரோப்பிய முக்கோணப் பாய் பொதுவாக இதைவிடத் திறமையானது. ஹாஸ்லருக்கு இது தெரியும். வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, பாதுகாப்பையும் ஓய்வையும் பெற்றுக்கொண்டார்.

தூங்கும்போது சுக்கான் பிடிப்பது யார்?

தனியாளுக்கு இன்னொரு சிக்கல்: தூக்கம். 48 நாள் விழித்திருக்க யாராலும் முடியாது. ஜெஸ்டரில் காற்றால் இயங்கும் தானியங்கிச் சுக்கான் கருவி இருந்தது. படகின் பின்புறத்தில் ஒரு தகடு, கூரைமேல் சுழலும் காற்றுத் திசைகாட்டி போல நிற்கும். படகு தன் பாதையிலிருந்து விலகினால், காற்று அந்தத் தகட்டின் பக்கத்தில் படும், தகடு திரும்பும், அந்த அசைவு சுக்கானைத் திருத்தும். படகு பழைய பாதைக்கு வந்ததும் தகடும் அமைதியாகிவிடும். அறை சூடேறியதும் குளிர்சாதனக் கருவி தானாக இயங்குவதும், குளிர்ந்ததும் நிற்பதும் இதே தத்துவம்தான். விலகலே திருத்தத்தைத் தூண்டுகிறது.

ஆனால், மெல்லிய தகட்டுக்கு எவ்வளவு பலம் இருக்கும்? கனமான சுக்கானைத் திருப்ப அது போதுமா? இதற்கு ஹாஸ்லர் 1960களில் செம்மைப்படுத்திய தீர்வு அழகானது. தகடு சுக்கானை நேரடியாக இழுக்காது. நீருக்குள் தொங்கும் ஒரு சிறிய அலகைச் சற்றே திருப்பும், அவ்வளவுதான். ஓடும் நீர் அந்த அலகின்மேல் சாய்வாகப் பட்டு, அதை ஊசல் போலப் பக்கவாட்டில் வேகமாகத் தள்ளும். அந்தப் பெரிய விசையே கயிறுகள் வழியாகச் சுக்கானை இழுக்கும். காற்று கட்டளையிடுகிறது, கடல் உழைக்கிறது. மின்சாரம் ஒரு துளியும் தேவையில்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்தக் கருவி காந்த ஊசியின் திசையைக் காப்பதில்லை. காற்றோடு படகுக்குள்ள கோணத்தையே காக்கிறது. காற்று திசைமாறினால் படகும் சேர்ந்து திரும்பிவிடும். ஆகவே மாலுமி அவ்வப்போது எழுந்து பார்க்கத்தான் வேண்டும்.

ஏன் முதலிடம் இல்லை?

பந்தயத்தில் முதலில் வந்தவர் பிரான்சிஸ் சிச்செஸ்டர். அவர் எடுத்துக்கொண்டது 40 நாள். ஆனால், அவருடைய ‘ஜிப்சி மோத் 3’ சுமார் 12 மீட்டர் நீளப் படகு. நீளம் ஏன் முக்கியம்?

படகு ஓடும்போது தானே ஓர் அலையை உண்டாக்குகிறது. வேகம் கூடக் கூட அந்த அலையின் நீளமும் கூடுகிறது. அலையின் நீளம் படகின் நீர்மட்ட நீளத்துக்குச் சமமாகும்போது, படகு தன் முன்னலைக்கும் பின்னலைக்கும் இடையே சிக்கிக்கொள்கிறது. அதற்கு மேல் வேகமெடுக்க வேண்டுமானால் தன் அலைமேல் தானே மலையேற வேண்டும். அந்த வேக வரம்பைக் கணக்கிட எளிய வழி: நீர்மட்ட நீளத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை 4.5ஆல் பெருக்குங்கள், விடை மணிக்குக் கிலோமீட்டரில் வரும். ஃபோக்போட்டின் நீர்மட்ட நீளம் 6 மீட்டர். ஆகவே, சுமார் 11 கிலோமீட்டர். நீர்மட்ட நீளம் 9 மீட்டராக இருந்தால் 13.5 கிலோமீட்டர்.

ஜெஸ்டரின் உண்மையான சராசரி அதைவிடக் குறைவு. எதிர்க்காற்றிலும் எதிர்நீரோட்டத்திலும் போன பயணம் அது. நேர்கோட்டுத் தொலைவை 48 நாளால் வகுத்தால் மணிக்கு ஐந்து கிலோமீட்டர்கூட வராது. நாம் நடக்கும் வேகம்! ஆனால், இரவும் பகலும் நிற்காமல் நடந்த நடை அது.

இன்னொரு ஃபோக்போட்டும் அந்தப் பந்தயத்தில் இருந்தது. வாலண்டைன் ஹவல்ஸின் ‘எய்ரா’. அதுவும் கடலைக் கடந்தது. ஐந்து பேரும் கரை சேர்ந்தார்கள். 1965இல் ஷேரன் சைட்ஸ் ஆடம்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி ஒரு ஃபோக்போட்டில் கலிபோர்னியாவிலிருந்து ஹவாய்க்குத் தனியே சென்றார். 1970களில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆன் கேஷ் என்ற பாட்டி இதே வகைப் படகில் உலகையே சுற்றிவந்தார்.

கடல் வைத்த தேர்வு

ஜெஸ்டர் பின்னர் கடல்வழி அறிவியலில் புகழ்பெற்ற மைக் ரிச்சியிடம் கைமாறியது. அவரும் அதில் பலமுறை அட்லாண்டிக்கில் பயணம் செய்தார். 1988ஆம் ஆண்டுப் பந்தயத்தின்போது கடும் கடலில் பேரலை ஒன்று படகைப் புரட்டிப்போட்டது. எழுபது வயதைக் கடந்திருந்த ரிச்சி ஒரு கப்பலால் மீட்கப்பட்டார். ஜெஸ்டர் கடலோடு போயிற்று.

தாழ்ந்த ஈர்ப்பு மையம் இருந்தும் படகு புரண்டது ஏன்? காற்றால் சாய்வது ஒன்று. உடைந்து விழும் பேரலை தன் இயக்க ஆற்றல் முழுவதையும் ஒரே நொடியில் பக்கவாட்டில் இறக்குவது வேறொன்று. சிறிய படகுக்கு அந்த அடியைத் தாங்கும் நிறை இல்லை. நல்ல வடிவமைப்பு ஆபத்தைக் குறைக்கும், அகற்றிவிடாது. ஆனால், அந்த அடிக்கு முன் 35 ஆண்டு அது தன் மனிதர்களைக் காத்து வந்தது. கடைசியாகவும் ரிச்சி உயிரோடு கரை சேர்ந்தார்.

நண்பர்கள் சேர்ந்து அதே வடிவில் புதிய ஜெஸ்டரைக் கட்டினார்கள். 1992இல் அது நீரில் இறங்கியது. ரிச்சி மீண்டும் அதில் ஏறிக் கடலுக்குப் போனார்.

செய்து பாருங்கள்

மூடியிட்ட 500 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றைக் கிடத்தி, அதன்மேல் ஒரு சத்தே குச்சியைப் பாய்மரமாக ஒட்டுங்கள். காகிதத்தில் பாய் செய்து மாட்டுங்கள். வாளி நீரில் விட்டால் உடனே புரண்டுவிடும். அடுத்து, பாய்மரத்துக்கு நேர் எதிரே போத்தலின் அடியில் ஓர் ஐஸ்கிரீம் குச்சியைக் கீழ்நோக்கி ஒட்டி, அதன் நுனியில் ஓர் இரும்பு நட்டைக் கட்டுங்கள். நிமிர்ந்து நிற்கவில்லையென்றால் நட்டுகளைக் கூட்டுங்கள். பக்கத்திலிருந்து ஊதினால் சாயும், விட்டால் நிமிரும். பிறகு அதே நட்டுகளைக் குச்சியின் நடுவுக்கு நகர்த்தி மீண்டும் ஊதுங்கள். எடை மாறவில்லை; இடம்தான் மாறியது. படகு நிமிரும் விதத்தில் என்ன வேறுபாடு? அட்டவணையில் குறித்து, காரணத்தை உங்கள் சொந்தச் சொற்களில் எழுதிப் பாருங்கள்.